முகமறியா அயலான்

லூக்கா நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் வரும் நல்ல சமாரியன் உவமையில், குற்றுயிராய்க் கிடந்தவனைக் குருவும் லேவியனும் கண்டும் விலகிப் போக, யூதர் வெறுத்த இனத்தவனான சமாரியன் நின்று காயம் கட்டுகிறான். அங்கே உதவிக்குத் தொடக்கம் கண்ணால் காண்பதே. காணாத இடத்தில் துன்புறுபவருக்கு ஒருவர் அயலானாவது எங்ஙனம் என்ற கேள்வியைத் தொலைபேசி எழுப்பியது.

1935 நவம்பரில் லண்டன் விம்போல் தெருவில் ஐந்து பெண்கள் மாண்ட தீ விபத்தின்போது, தகவல் சொல்ல முயன்ற அண்டை வீட்டுக்காரரின் அழைப்பு ஏனைய அழைப்புகளோடு வரிசையில் காத்துக் கிடந்தது. தொலைபேசி இணைப்பகத்தில் இருந்தவர்கள் லேவியனைப் போலக் கண்டு விலகியவர்கள் அல்லர், அவர்களுக்குக் காணவே வழியில்லை. 1937 ஜூன் 30 அன்று லண்டனில் தொடங்கிய 999 என்னும் அவசர எண், சிவப்பு விளக்காலும் ஒலியாலும் அவசர அழைப்பைத் தனித்துக் காட்டி, காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஆகியவற்றுள் உரியதற்கு இணைக்கச் செய்தது. பொதுத் தொலைபேசியில் காசின்றியும் அழைக்க முடிந்ததால், சமாரியனின் அறம் ஆள் பாராத ஒரு நிறுவனக் கடமையாயிற்று எனலாம்.

ஆயினும் ஒரு சாரார் அதற்கு வெளியே நின்றனர். இங்கிலாந்தில் 1961 வரை தற்கொலை முயற்சி குற்றமாக இருந்தமையால், வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணத்தோடு தவித்தவர் அவசர எண்ணை நாடுவது, தம்மைக் கைதுசெய்யக்கூடியவரிடமே ஒப்புதல் வாக்குமூலம் தருவதாக முடியக்கூடும். அத்தகையோருக்கெனத்தான் ஆங்கிலிக்கன் குருவான சாட் வாரா, 1953 நவம்பரில் லண்டனின் செயின்ட் ஸ்டீபன் வால்புரூக் ஆலயத்தில் ஒரு தொலைபேசிச் சேவையைத் தொடங்கினார். 'சமாரிட்டன்ஸ்' என்னும் அதன் பெயர் நாளிதழ் ஒன்று தந்த அடைமொழியிலிருந்து வந்தது. தம்மைச் சந்திக்கக் காத்திருந்தவர்களுள் பலர், தேநீர் தந்து பேச்சுக்குச் செவிகொடுத்த தன்னார்வலர்களிடமே மனம் ஆறியதைக் கண்ட வாரா, 1954இல் தொலைபேசியை அவர்களிடம் ஒப்படைத்ததோடு, சமயப் பரப்புரைக்கும் அங்கே இடம் தரவில்லை. உவமையில் பழிக்குரியதான குருவின் விலகல் இங்கே அறமாயிற்று.

999 ஆள் அனுப்புகிறது; சமாரிட்டன்ஸோ, சில விதிவிலக்குகள் நீங்கலாக, அழைத்தவர் இசைவின்றி எவரையும் அனுப்புவதில்லை. உவமைச் சமாரியன் இசைவு கேட்டதாகக் குறிப்பில்லை என்பதால் இக்கொள்கையை அக்கறைக் குறைவென்று குறைகூறலாம். ஆனால் உவமையில் கிடந்தவன் பேச இயலாதவன், இங்கோ பேசுவதற்கென்றே ஒருவர் வருகிறார், சொன்னது தமக்கு எதிராகத் திரும்புமென அஞ்சினால் அவர் அழைக்கவே மாட்டார். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த காலத்தில், 1986இல் சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகாவுக்கும் இந்த அச்சத்தைப் போக்குவதே முதற்பணியாக இருந்திருக்க வேண்டும்.