கேட்பவர் பொறுப்பு

ஓய்வு பெற்றபின் நகரத்தை விட்டு, வந்தவாசி, செஞ்சி, ஆரணிப் பகுதிகளிலுள்ள பூர்வீக வீட்டிற்குத் திரும்பும் குடும்பங்கள் நம்மிடையே பல உள்ளன. பல்லாண்டுகள் பூட்டிக் கிடந்த வீடும் கவனிப்பாரற்ற தோட்டமும் அவர்களை வரவேற்கின்றன. முருங்கையில் கம்பளிப்பூச்சி, செம்பருத்தியில் மாவுப்பூச்சி, கதவு நிலையில் கரையான். ஓடு மாற்ற ஆள் யார்? நல்ல சுண்ணாம்பு எங்கே கிடைக்கும்? இவற்றை ஊராரிடம் கேட்பதன்றி வேறு வழியில்லை. கேட்பதும் நல்லதே. ஓர் ஊரின் மண்ணையும் மழையையும் அங்கே பிறந்து உழைத்தவரே நன்கு அறிவர். ஆயினும் இவ்வாறு யோசனை கேட்பதில் ஓர் அறவினா அடங்கியிருக்கிறது. அதனை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை என்பது என் கருத்து.

மழைக்காலத்தில் முருங்கையின் அடிமரத்தில் கம்பளிப்பூச்சிகள் கூட்டம் கூட்டமாக ஒட்டிக் கிடக்கும். இதற்கு என்ன செய்வது என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் விடை, மண்ணெண்ணெயில் நனைத்த துணியைக் கம்பில் சுற்றிக் கொளுத்திக் காட்டுங்கள் என்பதே. நம்மவர் தம் கையால் அதைச் செய்யத் துணியார். "எங்கள் கையால் ஆகாதப்பா, நீயே பார்த்து ஏதாவது செய்" என்று கூலியாளிடம் கூறிவிட்டு, உள்ளே சென்று கதவைச் சாத்திக்கொள்வர். மாலையில் மரம் சுத்தமாக இருக்கும். கூலியும் கொடுத்தாயிற்று. இங்கே கொன்றவர் யார்?

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றையும் நம் ஆசாரியர்கள் ஒருங்கே வைத்துப் பேசினர். சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரம், பயனின்றிச் செய்யும் தீங்குகளை ஐந்தாக வகுத்து, தீவினைக்கு வழிசொல்லும் பாபோபதேசத்தையும், நெருப்பு, நஞ்சு, படைக்கலம் போன்றவற்றைப் பிறருக்கு வழங்கும் இம்சாதானத்தையும் அவற்றுள் சேர்க்கிறது. யோசனை சொல்பவருக்கு இத்துணைப் பொறுப்பு உண்டெனில், அந்த யோசனையை நாடிச் சென்று, கேட்டு, காசும் கொடுத்தவருக்கு அதனினும் குறைந்த பொறுப்பா இருக்கும்? கதவைச் சாத்திக்கொண்டதால் செய்வித்தல் நீங்கிவிடாது. நாமே செய்வதைவிட இது ஒரு வகையில் தாழ்ந்தது என்றுகூடச் சொல்வேன். அந்த எளிய மனிதரின் தலையிலும் அன்றோ வினையை ஏற்றிவிடுகிறோம்!

இல்லறத்தாருக்கு இது பொருந்துமா என்று சிலர் வினவலாம். மண்ணைக் கொத்தினாலும் சுவரை வெள்ளையடித்தாலும் உயிர்கள் மடியவே செய்கின்றன. அது ஆரம்ப இம்சை, இல்லறத்தில் முற்றும் தவிர்க்கவொண்ணாதது. உண்மைதான். ஆனால் கொல்வதற்கென்றே பந்தம் கொளுத்துவதும் கொல்வதற்கென்றே புட்டி வாங்குவதும் சங்கல்பத்தின்பாற் படும். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் சமாதானம்.

அங்ஙனமாயின் கேட்காமலே இருந்துவிடலாமா? அதுவும் தகாது. கேட்கும் முறையே இங்கு முக்கியம். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு வினா கேட்பதைத் தனிப் பாடமாகவே கற்பித்தனர். விடையைத் தன்னுள்ளே வைத்துக்கொண்டு வரும் வினாவை வகுப்பில் கேட்கலாகாது என்பர். "எந்த மருந்து அடிக்கலாம்?" என்பது அத்தகைய வினா. அடிக்கத்தான் வேண்டும் என்பதைக் கேட்பவரே முடிவு செய்துவிட்டார். மற்றவர் பெயரை மட்டும் சொல்கிறார். நஞ்சுக்கு மருந்து என்று பெயரிட்டது நம் பேச்சுவழக்கு செய்த பெருங்கேடு. காசர்கோட்டு முந்திரித் தோப்புகளில் பல்லாண்டுகள் வானிலிருந்து தெளிக்கப்பட்ட எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011-இல் தடைசெய்தது. அதற்குமுன் அதனைக் கடையில் கேட்டு வாங்கியவர்களும் மருந்து என்றே கேட்டிருப்பர்.

வினாவைச் சற்று மாற்றிப் பாருங்கள். "இந்தச் செம்பருத்தியில் மட்டும் ஏன் இவ்வளவு எறும்பு?" என்று தோட்ட வேலையில் பழுத்த ஒருவரிடம் கேட்டால், அவர் எறும்பை விட்டுவிட்டு மாவுப்பூச்சியைக் காட்டுவார். அது சுரக்கும் இனிப்புக்காக எறும்பு ஏறுகிறது. இனிப்பு தரும் பூச்சியைக் காவலும் காக்கிறது. முற்றிய கிளையைக் கழித்து, காற்றோட்டம் உண்டாக்கி, தொடக்கத்திலேயே தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி வந்தால் பெருகாது என்பார். வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கவும் சொல்வார். வேம்பு தீங்கற்றது என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். அது பூச்சியின் பசியை அடக்குவதோடு, தோலுரித்து வளர்வதையும் தடுப்பதால் உயிர்கள் மடியவே செய்யும். இதனையும் அறிந்தே முடிவு செய்ய வேண்டும். 2008-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டபோது, 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து சிறு ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொணர்ந்து விட்டு அதனைக் கட்டுப்படுத்தினர். ஓர் உயிரை ஏவி மற்றோர் உயிரை அடக்குவது செய்வித்தல் அன்றோ என்றால், ஆம் என்றே நான் சொல்வேன். எல்லா உயிர்மீதும் நஞ்சைப் பொழிவதைவிடச் சிறிது என்பதற்கு மேல் அதற்கு நற்சான்று வழங்க என் மனம் ஒப்பவில்லை.

வீட்டுப் பணியிலும் இவ்வாறே. சிதல் எனப் பழந்தமிழர் வழங்கிய கரையானை எறும்போடு சேர்த்து மூவறிவுயிர் என வகுத்தது தொல்காப்பியம். "எதை ஊற்றினால் சாகும்?" என்று கேட்பவருக்குக் கடையின் பெயர் கிடைக்கும். "மற்ற நிலைகளை விட்டு இதற்கு மட்டும் ஏன் வருகிறது?" என்று கேட்பவரை, முதிர்ந்த கொத்தனார் வீட்டின் வெளிப்புறத்துக்கு அழைத்துச் செல்வார். உடைந்த ஓட்டின் வழியே மழைநீர் சுவரில் இறங்கியிருக்கும். நிலையின் கால் ஈரமண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஈரமின்றி இக்கரையான் வாழாது. ஓட்டை மாற்றி, நிலையின் அடியில் கருங்கல் கொடுத்து, நீர் விலகி ஓட வாட்டம் செய்தால் அது தானே வேறிடம் நாடும். பழஞ்சுவரின் மேல் சிமெண்டைப் பூசி ஈரத்தை உள்ளே அடைக்க வேண்டா, சுண்ணாம்பே பூசுங்கள் என்றும் சொல்வார். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பைக் குழைக்கும் பக்குவம் அறிந்தோர் இன்று அருகிவிட்டனர். ஊருக்கு ஒருவர் இருந்தாலே அரிது. அவர் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பழைய ஓடுகளும் பனை வாரைகளும் எந்த ஊரில் வீடு பிரிக்கிறார்களோ அங்கே கிடைக்கும். அதுவும் இவர்களுக்கே முதலில் தெரியும்.

முருங்கைக்கு இத்துணை எளிய விடை இல்லை. கம்பளிப்பூச்சியின் மயிர் பட்டால் குழந்தைகளின் உடல் தடித்து அரிக்கும். பேரக்குழந்தைகள் வரும் வீட்டில் இது சிறு செய்தியன்று. மழைக்கு முன்பே கிளைகளைக் கழித்துவிடலாம். அது மரத்திற்குத் துன்பமே என்றாலும், முருங்கை மீண்டும் துளிர்க்கும். அதன் பின்னும் வந்துவிட்டால் பிள்ளைகளை அப்பக்கம் விடாது சில வாரங்கள் பொறுத்திருக்க வேண்டும். பூச்சிகள் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகிவிடும். இலை போன மரமும் மறுபடி தழைக்கும். அதுவரை கீரைக்கு அடுத்த வீட்டைத்தான் நாட வேண்டும்.

இனி மறுபக்கம். நம்மில் உழவர் பலர். நம்மிடமும் அயலார் யோசனை கேட்கின்றனர். நெல்லில் புகையான் கண்டு கலங்கி வந்து, "அம்மா, என்ன மருந்து அடிப்பது?" என்று ஒருவர் கேட்கும்போது, எங்கள் அறம் அதற்கு இடந்தராது என்று வாய்மூடி இருப்பது சரியாகாது. அவருக்கு அந்த நெல்லே ஆண்டின் சோறு. தேங்கிய தண்ணீரை வடித்துக் காயவிடுங்கள், யூரியாவைக் குறையுங்கள், அடுத்த நடவில் பயிருக்கு இடைவெளி கூடுதலாக விடுங்கள் என்று சொல்லலாம். அதற்கு மேலும் அவர் கடையின் பெயரைக் கேட்டால், கடைத்தெரு அவருக்கும் தெரிந்ததே.