நல்லாத் தெரியுமா?

“ஆபரேஷனுக்கு அப்புறம் அரிசில கல்லு தெரியுமாய்யா?” என்று அப்பத்தா என்னிடம்தான் கேட்டாள், டாக்டரிடம் கேட்கவில்லை. அவர் சற்று முன்புதான், “புரை ரொம்ப முத்திடுச்சு. எடுத்த பிறகுதான் பின்னாடி நரம்பு எப்படி இருக்குன்னு சொல்ல முடியும்” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான், “எல்லாம் நல்லாத் தெரியும் அப்பத்தா” என்றேன்.

அந்தப் பதிலை இரண்டு வருடமாக மனதுக்குள் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

புரை ஆபரேஷனில் முன்கூட்டிச் சொல்ல வேண்டியவை இரண்டு. ஒன்று, எந்த பவர் லென்ஸ் வைப்பது என்பது. 1949இல் லண்டனில் ஹரால்ட் ரிட்லி முதன்முதலாகச் செயற்கை லென்ஸ் பொருத்தியபோது பவர் கணக்கு தப்பி, அந்த நோயாளிக்குக் கடுமையான கிட்டப்பார்வை வந்தது. இன்று கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளந்து சூத்திரத்தில் போடுகிறார்கள். நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் கண்ணாடி பவர் ஏறக்குறைய இரண்டரை டயாப்டர் மாறிவிடும். லென்ஸ் உள்ளே எந்த ஆழத்தில் போய் உட்காரும் என்பதை மட்டும் முன்னாலேயே அளக்க வழியில்லை, அது அனுமானம்தான். ஆனாலும் கணக்கு பெரும்பாலும் பலிக்கிறது. என் வேலையில் இப்படியொரு மாடல் அமைந்தால் டீம் முழுக்க பிரியாணி வாங்கித் தருவேன்.

இன்னொன்று விழித்திரை. லென்ஸ் எவ்வளவு கூர்மையாகப் படத்தை விழவைத்தாலும் ஃபிலிம் கெட்டிருந்தால் என்ன செய்வது? முற்றிய புரை, அப்பத்தாவை வெளியே பார்க்க விடாததைப் போலவே டாக்டரையும் உள்ளே பார்க்க விடாது. டார்ச் அடித்து வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கேட்பார்கள். அல்ட்ராசவுண்டில் விழித்திரை பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆனால் நுணுக்கமாகப் பார்க்க உதவும் நடுப்பகுதி, அந்த மாக்குலா, எந்த நிலையில் இருக்கிறது என்று இந்த இரண்டு சோதனையும் சொல்லாது.

அப்பத்தாவுக்கு மாக்குலா தேய்ந்திருந்தது. கட்டு பிரித்ததும் வாசலில் வருகிறவர்களை நடையை வைத்தே அடையாளம் சொன்னாள். படிக்கிற கண்ணாடி போட்டும் அரிசியில் கல் தெரியவில்லை. கேஸ் ஷீட்டில் பார்வை முன்னேற்றம் என்று எழுதியிருந்தது. அது பொய்யில்லை. அவள் கேட்டதற்கு அது பதிலும் இல்லை.

டாக்டர் ‘சொல்ல முடியாது’ என்றதை நான் ‘தெரியும்’ என்று மொழிபெயர்த்துவிட்டேன். உண்மையைச் சொல்லியிருந்தால் பயந்துபோய் ஆபரேஷனே வேண்டாம் என்றிருப்பாள், இந்த வெளிச்சமும் கிடைத்திருக்காது என்பது என் வாதம். யோசித்தால் அதுவும் ஒரு கணிப்புதான். அளவெடுக்காமல், சூத்திரமில்லாமல், ஒரு மனுஷியின் மனதைப் பற்றி நானாகப் போட்ட கணக்கு. கண்ணை அளந்தவர் தயங்கிய இடத்தில், எதையும் அளக்காத எனக்குத் தயக்கமே வரவில்லை.

போன மாதம் இன்னொரு கண்ணைப் பற்றிப் பேச்சு வந்தது. “இதுலயாவது கல்லு தெரியுமா?” என்றாள்.

“சொல்ல முடியாது அப்பத்தா. தெரியாமலும் போகலாம்.”

கொஞ்ச நேரம் முறத்தையே தடவிக்கொண்டிருந்தாள்.

“சரி. செவ்வாய்க்கிழமை வேணாம், புதன்கிழமை போவோம்.”