உறங்கியவர் ஒருவர் மட்டுமா?

பெரும் விபத்து ஒன்று நிகழ்ந்ததும், "யார் குற்றவாளி?" என்று கேட்கிறோம். கடைசியாக அகப்பட்ட ஒருவரைச் சுட்டிக்காட்டியதும் நமது மனம் ஆறிவிடுகிறது. ஆனால், பொறுப்பு அவரோடு முடிந்துவிடுமா?

1987ஆம் ஆண்டு மார்ச் மாதம் 6ஆம் திகதி மாலை, பெல்ஜியத்தின் சேபுறூக் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்தின் டோவருக்குப் புறப்பட்ட 'ஹெரல்ட் ஒவ் ஃபிறீ என்ரர்பிறைஸ்' என்னும் பயணிகள் கப்பல், சில நிமிடங்களிலேயே ஒருபுறமாகச் சரிந்து வீழ்ந்தது. 193 பேர் மாண்டனர். வாகனங்கள் செல்லும் முன்புறக் கதவு மூடப்படாமலே கப்பல் புறப்பட்டிருந்தது. அதை மூடவேண்டிய மாலுமி தமது அறையில் உறங்கிக்கொண்டிருந்தார்.

இத்துடன் கதை முடிந்திருந்தால் தீர்ப்பும் எளிதே. ஆனால், கப்டன் நின்ற இடத்திலிருந்து அக்கதவைக் காண இயலாதவாறே கப்பல் அமைக்கப்பட்டிருந்தது. கதவு மூடியுள்ளதா என்பதைக் காட்டும் விளக்கும் அங்கிருக்கவில்லை. வாகனங்கள் ஒரு முனையால் ஏறி மறு முனையால் இறங்கும் வசதிக்காக, வாகனத் தளம் குறுக்குச் சுவரின்றி நீண்டு கிடந்தது. அகன்ற தாம்பாளத்தில் நீர் ஏந்திச் செல்பவர் அறிவர்: சற்றே சாய்ந்தாலும் நீரெல்லாம் அப்பக்கமே ஓடும். உட்புகுந்த கடல்நீரும் அவ்வாறே ஓடிக் கப்பலைச் சாய்த்தது.

இந்த ஆபத்து முன்னர் அறியப்படாததுமன்று. 1983இல் அதே கம்பனியின் வேறொரு கப்பலும் கதவு திறந்தபடியே புறப்பட்டிருந்தது. 1985இல் கப்டன் ஒருவர் எச்சரிக்கை விளக்கு வேண்டுமென எழுதிக் கேட்டார். நிர்வாகத்தினர் அதை ஏளனம் செய்து ஒதுக்கினர். விபத்தின் பின்னரோ, எஞ்சிய கப்பல்களில் அவ்விளக்குகள் சில நாட்களுள் பொருத்தப்பட்டன!

அறநூலார் அறியாமையை இருவகைப்படுத்துவர். எவ்வளவு முயன்றும் நீக்க முடியாத அறியாமை குற்றத்தை நீக்கும். நீக்கக்கூடியதாயிருந்தும், செலவையும் சிரமத்தையும் எண்ணி நீக்காது வைத்திருக்கும் அறியாமை தானே குற்றமாகும். இங்கோ அறியாமை என்று சொல்லவும் இடமில்லை, சொல்லப்பட்டது, கேட்கப்படவில்லை.

மாலுமியின் உறக்கம் தவறன்று என்பது நமது கருத்தல்ல. ஆனால், களைத்த மனிதன் உறங்கக்கூடும் என்பதை முன்னரே எண்ணிப் பார்ப்பது, கப்பலை அமைப்பவரதும் நடத்துபவரதும் கடமையன்றோ?

நீதியரசர் ஷீன் நடத்திய விசாரணை, கம்பனியின் மேல்மட்டம் முதல் கீழ்மட்டம் வரை அசட்டை என்னும் நோய் பரவியிருந்ததாகக் கண்டது. ஆயினும், 1990இல் கம்பனி மீதான வழக்கு தோல்வியுற்றது. உயர் அதிகாரி ஒருவரிடத்திலேயே குற்றம் முழுவதும் காணப்பட்டாலன்றி, நிறுவனத்தை அன்றைய சட்டம் தண்டிக்காது. பலர் பங்கிட்ட குற்றம் எவருடையதுமாகாமற் போயிற்று. நிறுவனங்களே பொறுப்பேற்க வழிசெய்யும் புதிய சட்டத்தைப் பிரித்தானியா 2007இல் இயற்றியது.

சட்டம் தாமதித்தாலும் மனச்சாட்சி தாமதிக்கலாகாது. பங்கிடுவதாற் குற்றம் குறைவதில்லை. நமக்குக் கீழுள்ள ஒருவர், "இது ஆபத்து" என்று எழுதித் தரும் துண்டுக் காகிதத்தை அலட்சியமாக ஒதுக்கும்போது, திறந்த கதவின் முன் உறங்குவோர் நாமே.