ஐந்தே முக்கால் வெயில்

2024 அக்டோபர் 3ஆம் திகதி, இலங்கை நேரம் மாலை 5.48. சூரியனில், சுடர்களில் மிகப் பெரிய வகையான எக்ஸ் வகையைச் சேர்ந்த எக்ஸ் 9 சுடர் ஒன்று உச்சத்தைத் தொட்டது. 2019 டிசம்பரில் தொடங்கிய சூரியச் சுழற்சியில் அதுவரை பதிவானவற்றுள் அதுவே பெரியது.

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் அது பொழுது சாயும் வேளை. கடைசி நிறுவைக்குக் கொழுந்தைக் கொடுத்துவிட்டு, இடுப்புப் படங்கை அவிழ்த்து உதறி, லயத்துக்கு வந்து அடுப்பு மூட்டுகிற நேரம். பகலெல்லாம் அதே சூரியன்தான் கொழுந்து பறித்த பெண்களின் முதுகில் காய்ந்தது. மலை விளிம்பில் அது இறங்கிக்கொண்டிருந்தபோது அதில் நடந்தது எந்தக் கண்ணுக்கும் தெரியவில்லை. தேயிலைமேல் விழுந்த வெயில் கூடவுமில்லை, குறையவுமில்லை.

*

ஏன் தெரியவில்லை என்பதை யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

மிகப் பெரிய சுடர்கள் வெளியிடும் ஆற்றலை எழுத, ஒன்றுக்குப் பின்னால் 25 சுழியங்கள் போட வேண்டும், ஜூல் கணக்கில். உலகம் முழுவதும் இப்போது ஓராண்டில் செலவழிக்கும் ஆற்றலைப்போல் அது பதினாயிரம் மடங்குக்கும் மேல். அப்படியிருந்தும், சூரியன் தன் வழக்கப்படி ஒரே நொடியில் உமிழ்கிற ஆற்றலில் அது ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்குதான். அதுவும் பல நிமிடங்களில் பரவி வெளிப்படுகிறது. ஒரு பகுதி கண் காணாத கதிர்களாகப் போய்விடுகிறது. ஒரு சாதாரணப் பகல்வெயில் எவ்வளவு பெரியது என்பது இந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

*

சுடர் என்றதும் சூரியனின் உள்நெருப்பு பீறிட்டு வருவதாகவே தோன்றும். அப்படியல்ல. மையத்தில் அணுக்கருக்கள் இணைந்து பிறக்கும் வெப்பம், நெடுங்காலம் எடுத்து, ஒரே சீராக மேலே கசிகிறது. சுடரின் ஆற்றல் இருப்பது காந்தப்புலத்தில்.

சூரியன் பாறைபோல் இறுகிய உருண்டை இல்லை. நடுக்கோட்டுப் பகுதி சுமார் 25 நாளில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. துருவப் பக்கம் 35 நாள்வரை பிடிக்கிறது. உள்ளே கொதிக்கும் பிழம்போ ஓயாமல் புரண்டுகொண்டே இருக்கிறது. அதில் வேர்பிடித்து வெளியே வளைந்து நிற்கும் காந்தப்புலம், நாளுக்கு நாள் முறுக்கேறுகிறது.

பீலிக்கரையில் நனைந்த கம்பளியை இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்துப் பிழிவதைப் பார்த்தால் இது விளங்கும். முதலில் தண்ணீர் கொட்டும். பிறகு கம்பளி கயிறாக இறுகும். அதற்கு மேலும் முறுக்கினால், நடுவில் தானாகவே மடங்கி, தன்மேலேயே சுருண்டுகொள்ளும். பிடித்திருக்கும் கைகளை அது திருப்பித் தள்ளுவது அப்போது தெரியும். கைகள் செய்த வேலையில் ஒரு பங்கு அதற்குள் போய்த் தங்கியிருக்கிறது.

*

கம்பளியால் முடியாத ஒன்று காந்தப்புலத்தால் முடியும். எதிரெதிர்த் திசையில் ஓடும் புலக்கோடுகள் நெருக்குண்டு, இடையில் மெல்லிய மின்னோட்டத் தகடு உருவாகும்போது, அவை அறுந்து வேறு துணையோடு சேர்ந்துகொள்கின்றன. இதற்குக் காந்த மறுஇணைப்பு என்று பெயர். கோடுகள் நாம் வரைந்துகொண்டவைதான். ஆனால் புதிதாக இணைந்த புலம் கவண்போல் பின்னுக்கு இழுத்துச் சுருங்குவதும், பிழம்பு அதோடு வீசப்படுவதும் மெய்யாக நடப்பவை.

1950களில் அறிவியலாளர்கள் பீட்டர் ஸ்வீட்டும் யூஜின் பார்க்கரும் இதைக் கணக்கிட்டபோது ஒரு முட்டுக்கட்டை வந்தது. அவர்கள் கணக்கில் அந்த ஆற்றல் வெளியேற மாதக்கணக்கில் ஆகும். சூரியனோ அதைச் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது. 1964இல் ஹாரி பெட்செக், மறுஇணைப்பு மிகச் சிறிய இடத்தில் நடந்தால் வேகம் பெருகும் என்று காட்டினார். அந்தத் தகடே நீண்டு மெலிந்து, துண்டு துண்டாகச் சிதறி வேகமெடுக்கிறது என்பது பிறகு வந்த விளக்கம். இந்த வேகத்தைப் பற்றிய ஆய்வு இன்னும் முடிந்துவிடவில்லை. இத்தனை பெரிய சக்தியின் வாசல் இத்தனை ஒடுக்கமானது என்பதே என்னை அதிகம் தொடுகிறது.

*

அவிழ்ந்த ஆற்றல் ஒரே வழியில் போவதில்லை. எலெக்ட்ரான்கள் வளைவுகள் வழியே கீழே பாய்ந்து அடர்ந்த அடுக்கில் மோதி எக்ஸ் கதிரைக் கிளப்புகின்றன. மோதிய இடத்துப் பிழம்பு ஒரு கோடிப் பாகைக்கும் மேல் சூடேறி மேலெழுகிறது. சில வேளை மேல்பாதிப் புலம் பிய்த்துக்கொண்டு, நூறு கோடி டன் அளவிலான பிழம்போடு வெளியேறும். கதிர் எட்டு நிமிடம் சொச்சத்தில் பூமிக்கு வந்துவிடும். அந்தப் பிழம்பு வந்துசேரப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாள்.

முன்பெல்லாம் சிற்றலை வானொலி கேட்டவர்களுக்கு இதன் ஒரு நுனி எட்டியிருக்கும். நல்ல பகலில் பாட்டு மங்கி, இரைச்சலும் இல்லாமல் அடங்கி, அரைமணி கழித்துத் தானாகத் திரும்பும். பெட்டியைத் தட்டிப் பார்ப்பார்கள். எக்ஸ் கதிர் வானத்தின் கீழ் அயனி அடுக்கைத் தடிப்பாக்கியதில், சிற்றலை அங்கேயே உறிஞ்சப்பட்டிருக்கும்.

*

சூரியனைக் கவனிக்கும் கண்கள் நம் பக்கத்திலும் உண்டு. எங்கள் மலைகளைப் போலவே மஞ்சு மூடும் கோடைக்கானலில், 1909இல் வானியலாளர் ஜான் எவர்ஷெட், காந்தப்புலம் செறிந்த சூரியக் கரும்புள்ளிகளின் ஓரத்தில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டார். மஞ்சே எட்டாத இடத்தில், பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீட்டர் தள்ளி, இன்று இந்தியாவின் ஆதித்யா எல்1 விண்கலம் நிற்கிறது. அந்தத் திட்டத்தை நடத்திய நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். 2024 பெப்ரவரி 22இல் ஓர் எக்ஸ் 6.3 சுடரை ஆதித்யா புறஊதா ஒளியில் படம்பிடித்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குச் சொந்தத்தில் ஒரு பிள்ளை பாஸானதுபோல் மகிழ்ச்சி.

*

அக்டோபர் 3ஆம் திகதிச் சுடரைத் தந்த அதே கரும்புள்ளிக் கூட்டம், இலங்கை நேரப்படி 2ஆம் திகதி அதிகாலையில் எக்ஸ் 7 அளவில் ஒன்றை விட்டிருந்தது. அப்போது முறுக்கு முழுவதும் கழிந்துவிடவில்லை. ஒரு கூட்டத்தில் எவ்வளவு ஆற்றல் சேர்ந்திருக்கிறது என்பதை மேற்பரப்பின் காந்தப்புலத்தை அளந்து ஓரளவு கணக்கிட முடிகிறது. அது எந்த மணிக்கு அவிழும் என்று மட்டும் முன்கூட்டிச் சொல்ல இன்னும் முடியவில்லை.