கல்லும் வெங்காயமும்

அரியலூரைச் சுற்றி ஏன் இத்தனை சிமெண்ட் ஆலைகள்? சிமெண்டுக்கு மூலப்பொருளான சுண்ணாம்புக்கல் அங்கேயே கிடைக்கிறது. சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால் அதன் எடையில் சுமார் 44 சதவீதம் கரியமில வாயுவாகப் பறந்துவிடும். காற்றோடு போகப்போகிற எடைக்கு யார் லாரி வாடகை கொடுப்பது? அதனால்தான் ஆலை கல்லைத் தேடி வந்தது. எடை கழிந்த பிறகே சரக்கு ஊர் ஊராகப் போகிறது.

பக்கத்துப் பெரம்பலூரில் கணக்கு வேறு. அங்கே விளைவது சின்ன வெங்காயம். அறுவடையானதும் எல்லோரும் ஒன்றாகச் சந்தைக்கு ஏற்றினால் விலை விழுந்துவிடும். அதனால் விவசாயிகள் பட்டறை போடுகிறார்கள். அடியில் காற்றுப் போக இடம் விட்டு, பக்கவாட்டில் தட்டி கட்டி, மேலே கீற்று வேய்ந்து, நன்றாகக் காய்ந்த காயை உள்ளே கொட்டுகிறார்கள். ஈரம் புகுந்தால் அழுகிவிடும். காற்றோட்டம் இருந்தால் மாதக்கணக்கில் தாங்கும். அடுத்த போகத்துக்கான விதைக்காயும் அதற்குள்தான்.

எதை எங்கே நகர்த்துவது, எதை எத்தனை நாள் இருப்பு வைப்பது: சரக்குப் போக்குவரத்தின் அடிப்படைப் பாடம் இவ்வளவுதான்.

கடை நடத்துகிறவரா நீங்கள்? அடுத்த கொள்முதலில் விலையை மட்டும் விசாரிக்காதீர்கள். வண்டிக்கூலி எவ்வளவு, சரக்கு எத்தனை நாளில் வரும், வந்தபின் எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மலிவாக வாங்கியவருக்கு அல்ல, இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டவருக்கே லாபம் நிற்கும்.