பந்துக்குத் தீட்டில்லை

திருவக்கரை, கல்மரங்களுக்குப் பெயர்பெற்ற ஊர். மண்ணுக்குள் கோடியாண்டுகளுக்கு மேல் கிடந்து மரம் கல்லாயிற்று என்கிறது அறிவியல். அரக்கனின் எலும்பு என்று கதை கட்டினோரும் உண்டு! அவற்றைக் காணச் சென்ற நாம், வழியில் ஒரு பொட்டலில் இளைஞர்கள் உதைபந்து ஆடக்கண்டு நின்றுவிட்டோம். வெளியே ஓடும் பந்தை எடுத்துவந்து தரும் வேலைக்கு ஒரு சிறுவன் ஓரத்தில் நின்றான்.

“தம்பியைச் சேர்த்துக்கொள்ளவில்லையா?” என்றோம்.

“நன்றாக ஆடினால் சேர்த்துக்கொள்வோம் ஐயா. இங்கே சாதி பார்ப்பதில்லை, திறமைதான்” என்றார் ஓர் இளைஞர், பெருமையோடு. நாம் சாதியைப் பற்றிக் கேட்கவேயில்லை!

திறமை காட்டினால் தீட்டு மறையும் என்று அந்த இளைஞர் மட்டுமா நம்புகிறார்? மேடையில் முழங்குவோரும் நம்புகின்றனர். அந்த நம்பிக்கையை உரைத்துப் பார்க்க ஒரு வரலாறு இருக்கிறது.

பல்வங்கர் பாலூ 1876இல் தார்வாடில் பிறந்தவர், சமார் சமூகத்தவர். பூனாவில் பார்சிகளின் கிரிக்கெட் மன்றத்தில் திடலைக் கூட்டும் வேலை, திங்களுக்கு 3 ரூபாய்க் கூலி. பின்னர் வெள்ளையர் மன்றத்தில் 4 ரூபாய். அங்கே துரைமார் பயிற்சி பெற இவர் பந்து வீசினார், வீசிக்கொண்டே இருந்தார். மட்டையை மட்டும் அவர் கையில் எவரும் கொடுக்கவில்லை. உழைப்பது ஒருவன், அடித்து மகிழ்வது இன்னொருவன்!

வெள்ளையரை வெல்ல வேண்டும் என்ற வேட்கை பூனா இந்துக்களுக்கு வந்தபோது பாலூவின் நினைவு வந்தது. வைதிகர் சிலர் முகம் சுளித்தனர். வெற்றியின் ஆசை சுளிப்பை வென்றது. சேர்த்தனர். எப்படி? திடலில் அவர் வீசிய பந்தை மற்றவர் பிடித்தனர், தீட்டில்லை. தேநீர் வேளையில் மட்டும் அவர் கொட்டகைக்கு வெளியே நின்றார். குடித்தபின் எறிந்துவிடும் மண்குவளை அவருக்கு. அதே கை, அதே பத்து விரல்! பந்தைத் தொட்டால் பாராட்டு, பாத்திரத்தைத் தொட்டால் பாவம் என்னும் சாத்திரத்தை எந்த முனிவர் எழுதினாரோ, அறியோம்.

1911இல் பாட்டியாலா மன்னர் தலைமையில் இங்கிலாந்து சென்ற அணியில் பாலூ 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். திரும்பியபோது பம்பாயில் ஒடுக்கப்பட்ட மக்கள் திரண்டு வரவேற்றனர். இளைஞர் அம்பேத்கர் போற்றிய வீரர் அவர். ஆகவே அந்த வெற்றி வீண் என்று நாம் கூறமாட்டோம். குனிந்த தலைகள் நிமிர அது உதவியது. ஆனால், இந்து அணியின் தலைமை பாலூவுக்குக் கிட்டவேயில்லை. அவருடைய தம்பி விட்டலுக்கு 1923இல்தான் கிடைத்தது.

“இது நம் நாட்டு நோய், மேல்நாட்டில் திறமைக்கு மதிப்புண்டு” என்பாரும் உளர். அவர்கள் ஜெர்மனியைப் பார்க்கட்டும். பாலூ இங்கிலாந்து சென்ற அதே 1911இல், டிசம்பரில், யூலியூஸ் ஹிர்ஷ் என்ற 19 வயது யூத இளைஞர் ஜெர்மன் நாட்டு உதைபந்து அணியில் முதன்முதலாக ஆடினார். மறு ஆண்டு ஹாலந்துக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 4 கோல்கள்! கார்ல்ஸ்ரூ மன்றம் 1910இலும், ஃபுர்த் மன்றம் 1914இலும் ஜெர்மன் வாகை சூடியபோது அணியில் அவர் இருந்தார். முதல் உலகப்போரில் நான்காண்டுகள் களத்தில் நின்று இரும்புச் சிலுவைப் பதக்கம் பெற்றார். அவருடைய அண்ணன் அப்போரில் மாண்டார். இதற்கு மேலும் ஒரு மனிதன் என்ன விலை தருவது?

1933 ஏப்ரல் 10ஆம் நாள், தென்ஜெர்மன் மன்றங்கள் யூதர்களை விலக்கப்போகும் செய்தியை ஏட்டில் படித்தார். 1902 முதல் தாம் உறுப்பினராயிருந்த கார்ல்ஸ்ரூ மன்றத்துக்கு அன்றே விலகல் கடிதம் எழுதினார். 1943 மார்ச் 1ஆம் நாள் அவரை ஆஷ்விட்சுக்கு வண்டியேற்றினர். திரும்பவில்லை. 2005 முதல் ஜெர்மன் உதைபந்துக் கழகம் அவர் பெயரால் பரிசு வழங்குகிறது.

நல்ல காரியம். ஆயினும், “இத்தகைய வீரனையா கொன்றார்கள்!” என்று நாம் துடிக்கும்போது நம் துடிப்பையே சற்று ஐயுற வேண்டும். அவ்வாறு கொண்டுசெல்லப்பட்டோரில், வாழ்நாளில் ஒரு கோலும் போடாத தையற்காரரும் மூதாட்டியரும் குழந்தைகளும் எத்தனை பேர்! அவர்களைக் கொன்றது சிறிய குற்றமா? பாலூவுக்கு மண்குவளை கொடுத்தது கொடுமை என்கிறோம், அவர் 114 விக்கெட் எடுத்தவராயிற்றே என்று. ஒரு விக்கெட்டும் எடுக்காமல் திடலைக் கூட்டியே மாண்டவனுக்கு மண்குவளைதான் பொருத்தமோ? திறமையை விலையாகக் கொடுத்து வாங்கிய மதிப்பு, கொடுத்தவன் விரும்பும்போது பறிக்கக்கூடிய இரவல்.

பொட்டலில் நின்ற இளைஞரிடம் இவ்வளவும் சொல்ல நமக்கு நேரமில்லை. ஒன்றை மட்டும் கேட்டோம்: “நன்றாக ஆடினால் உள்ளே என்கிறீர்கள், உள்ளே வராமல் அவன் ஆடக் கற்பது எப்படி?”

அவர் சிரித்தார். விடை சொல்லவில்லை. சிறுவனோ வேலிக்கு அப்பால் விழுந்த பந்தைத் தேடிக்கொண்டிருந்தான்.