கைகளும் கலையும்

கலை ஓய்வின் பயன் என்று கூறுவோர் பலர். வயிறு நிறைந்து, பொழுதும் மிஞ்சிய பின்னரே மனிதன் அழகை நாடினான் என்பது அவர்தம் கருத்து. மேலோட்டமாக நோக்கின் இது வரலாற்றுக் கூற்றாகவே தோன்றும். ஆயின், இதனுள் ஓர் அறத்தீர்ப்பும் மறைந்துள்ளது. ஓய்வுடையோர்க்கே கலை உரியது. உழைப்போர் அதனைத் தூர நின்று வியக்கலாம் என்பதே அத்தீர்ப்பு.

ஆதி மனிதனின் குகைகள் இதனை ஏற்கவில்லை. 1879ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டின் அல்தமீராக் குகையில் காட்டெருது ஓவியங்கள் வெளிப்பட்டபோது, அறிஞர் பலர் அவற்றைப் போலியென ஒதுக்கினர். கல்லாயுதம் ஏந்திய வேடனிடம் இத்துணை நுண்மை இருத்தல் இயலாது என அவர்கள் கருதியமையே காரணம். எதிர்த்தோருள் முதன்மையான எமில் கார்த்தைலாக், 1902இலேயே தம் தவற்றை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவிலுள்ள குகை ஓவியமொன்று 51,200 ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடையது என 2024இல் அறிவிக்கப்பட்டது. அரசனும் களஞ்சியமும் அடிமையும் தோன்றுமுன்னரே ஓவியம் தோன்றிவிட்டது.

நமது தீவிலும் இதற்குச் சான்றுண்டு. தந்திரிமலை முதலிய இடங்களின் பாறைக் குகைகளில் வேடர் வரைந்த உருவங்கள் உள்ளன. வேடரிடையே ஆய்வு நடத்தி 1911இல் நூல் வெளியிட்ட செலிக்மன் தம்பதியர், இத்தகைய ஓவியங்களைப் பெண்கள் வரைந்தனர் என்றும், வேட்டைக்குச் சென்ற ஆடவர் திரும்பும்வரை காத்திருக்கையில் வரைந்தனர் என்றும் அறிந்து எழுதினர். கிழங்கு அகழ்ந்த கையே ஓவியமும் தீட்டியது. காத்திருத்தலும் ஓய்வன்றோ எனச் சிலர் கேட்கலாம். ஆம், ஆனால் அது பிறர் உழைப்பைப் பறித்துப் பெற்ற ஓய்வன்று.

உழவு பெருகி உபரி விளைச்சல் சேர்ந்த பின்னர், கலைஞன் தனித் தொழிலாளியானான். அதனால் தேர்ச்சி வளர்ந்தது. இதனை மறுத்தல் நேர்மையன்று. எகிப்திய அரசர்தம் கல்லறைச் சுவர்களைத் தீட்டியோர், குகைவாசிகள் அறியாத நுட்பங்களை அறிந்திருந்தனர். எனினும், படைத்தவன் கையினின்று படைப்பு நழுவியதும் அக்காலத்திலேதான். கி.மு. 12ஆம் நூற்றாண்டில், மூன்றாம் ராம்சேஸ் ஆட்சியின் 29ஆம் ஆண்டில், கூலியாகத் தரவேண்டிய தானியம் தாமதித்தமையால் கல்லறைத் தொழிலாளர் வேலையை நிறுத்தி வெளியேறினர். வரலாற்றில் பதிவான முதல் வேலைநிறுத்தம் இதுவே என்பர். அரசனின் மறுமைக்கு உணவுப் படையலைச் சுவரிலே தீட்டியோர், தம் இம்மைக்கு உணவு கேட்டுப் போராட நேர்ந்தது.

குடாநாட்டு மண்ணும் இப்பிரிவினையை அறியும். 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் ஆனைக்கோட்டையில் அகழ்ந்த பெருங்கற்கால ஈமக்குழியில் மட்கலங்களும் ஒரு முத்திரையும் கிடைத்தன. முத்திரையின் மேல்வரியில் குறியீடுகளும் கீழ்வரியில் பிராமி எழுத்துக்களும் உள்ளன. அதனைக் 'கோவேத' என வாசித்த அறிஞர், தலைமையைக் குறிக்கும் 'கோ' எனும் சொல்லை அதிற் கண்டனர். தலைவனின் பெயரை அறிய முயல்கிறோம், அது தகும். அவனுக்கென வைத்த கலங்களை வனைந்தவர் பெயரையோ எவரும் தேடுவதில்லை. அதனைப் பொறித்துவைக்க அன்று எவரும் எண்ணவுமில்லை.

தொழிலைப் பிரித்தல் தவிர்க்க முடியாததாயிருக்கலாம். மதிப்பையும் அவ்வாறே பிரித்தல் நீதியா என்பதே வினா. நம் சமூகம் இதற்கு அளித்த விடை கொடியது. செத்தவீட்டுக்குப் பறையொலி வேண்டும் என்றது; பறை முழக்கியவனை வாசலுக்கு வெளியே நிறுத்தியது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் வழிபாட்டுரிமை கோரிப் போராடியபோது, சிற்பமும் இசையும் விளங்கும் அத்தலத்தின் வாயில் அவர்களுக்கு அடைக்கப்பட்டிருந்தது. கலையைத் தொழுது, உழைத்த கையைத் தீண்டாதொழிதல் பண்பாடு ஆகாது.

இதற்காக நாம் குகைக்குத் திரும்பவேண்டியதில்லை. பசியும் நோயும் சூழ்ந்த அவ்வாழ்வு பொற்காலமன்று. வேண்டுவது வேறொன்று. கலை வரலாறு கற்பிக்கும் ஆசிரியர், இஃது எந்த மன்னன் காலத்தது என வினவுவதோடு நில்லாது, எவர் கை செய்தது, அக்கைக்கு உணவு கிடைத்ததா, மதிப்புக் கிடைத்ததா எனவும் வினவுதல் வேண்டும். அவ்வினாவோடு வளரும் மாணவன், தன் ஊரிற் பறை முழக்குவோரையும் பனையோலை பின்னும் பெண்களையும் கலைஞர் வரிசையிலேயே வைத்து நோக்குவான்.